கோப்பை வந்த பிறகும் அந்த 13–10

கொலம்பஸ்
பிப்ரவரி 9, 2025

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. அமெரிக்கக் கால்பந்தில் கல்லூரிகளின் தேசியக் கோப்பையே நம் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு வந்த பிறகு, மிஷிகனிடம் 13–10 என்று தோற்ற நவம்பர் 30-ஐ ஏன் இன்னும் கிளறுகிறாய் என்று கேட்டிருக்கிறாய். நம் பையன்கள் அன்று மனசு வைக்காமல் ஆடினார்கள், பிறகு மனசு வைத்து ஆடினார்கள், விஷயம் அவ்வளவுதான் என்று தீர்ப்பும் எழுதிவிட்டாய். அதை என்னால் ஏற்க முடியவில்லை முரளி. டென்னசி, ஒரிகன், டெக்சஸ், நோட்டர் டேம் என்று வரிசையாக நான்கு பெரிய அணிகளை வீழ்த்திய அதே ஒஹாயோ ஸ்டேட்தான், சொந்த மைதானத்தில் மிஷிகனிடம் 10 புள்ளியோடு நின்றது. இடையில் இருந்தது மூன்றே வாரம். அதற்குள் ஆட்கள் மாறவில்லை, திட்டம் மாறியது. அப்படியென்றால் அந்தத் தோல்வியைத் தவிர்த்திருக்க முடியும் என்பதற்கு இந்தக் கோப்பையே சாட்சி. என் வருத்தம் குறையாமல் கூடியிருப்பதற்குக் காரணம் இதுதான்.

முதலில் எண்களைப் பார். நாம் பந்தோடு முன்னேறியது மொத்தம் 252 யார்டு, அவர்கள் 234. பந்தை எறியும் அவர்களுடைய குவார்ட்டர்பேக் நாள் முழுவதும் எறிந்து சேர்த்தது வெறும் 62 யார்டு. எறிந்த பந்தைத் தடுக்கும் அவர்களின் சிறந்த கார்னர் வில் ஜான்சனும், அதைப் பிடிக்கும் சிறந்த ரிசீவர் கோல்ஸ்டன் லவ்லண்டும் அன்று ஆடவே இல்லை. நம்மை 20 புள்ளிக்கு அருகில் முன்னிலையில் வைத்துப் பந்தயக்காரர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். முதல் பாதி 10–10. இரண்டாம் பாதியில் நமக்கு ஒரு புள்ளிகூட இல்லை. சறுக்கியது தாக்குதல் பக்கம்தான்.

தடுப்பு அணியை நீ திட்டியது நியாயமே இல்லை. 13 புள்ளியில் 7, நம் குவார்ட்டர்பேக் வில் ஹவர்ட் எறிந்த பந்தை ஆமிர் ஹால் பறித்து நம் 2 யார்டு கோடு வரை கொண்டுபோனதால் வந்தது. அங்கிருந்து எந்த அணியும் உள்ளே போய்விடும். அவர்கள் பந்தையும் நம் ஆட்கள் இரண்டு முறை பறித்தார்கள். அதில் ஒன்றை ஜேக் சாயர் நம் கோல் கோட்டுக்குப் பக்கத்திலேயே பிடித்து அணியைக் காப்பாற்றினார். கடைசியில் மூன்றாம் டவுனில் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சியில் மூன்றாவது) இன்னும் 6 யார்டு வேண்டிய இடத்தில் கலேல் மல்லிங்ஸ் 27 யார்டு ஓடினாரே, அது மட்டும் தடுப்பின் கணக்கில் எழுத வேண்டிய பிழை. 6 யார்டு என்றால் எறிவார்கள் என்றே எவரும் நினைப்பார்கள், அவர்கள் ஓடினார்கள். அதோடு 45 வினாடி மீதமிருக்கையில் டொமினிக் ஸ்வாடாவின் 21 யார்டு உதை, 3 புள்ளி, ஆட்டம் முடிந்தது.

இனி உண்மையான கதைக்கு வருகிறேன். அது நம் லைனில், அதாவது தாக்குதலில் முன்னால் நின்று வழி திறக்கும் ஐவர் வரிசையில் இருக்கிறது: நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டு, ஓரங்களில் டேக்கிள்.

அக்டோபர் 12 அன்று ஒரிகனில் 32–31 என்று தோற்றபோது இடது டேக்கிள் ஜோஷ் சிமன்ஸின் முழங்கால் போனது. நவம்பரில், இந்தியானா ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில், சென்டர் செத் மெக்லாஃப்லினின் குதிகால் தசைநாண் அறுந்தது. இடது கார்டாக இருந்த டோனவன் ஜாக்சன் டேக்கிளுக்கு நகர்ந்தார், கார்சன் ஹின்ஸ்மன் சென்டருக்கு வந்தார், கார்டு இடத்துக்கு வேறொருவர். ஐந்து பேர் வரிசையில் இடது பக்கத்து மூன்று இடமும் புதிது. எதிரில் நின்றவர்கள் யார்? மேசன் கிரஹாமும் கென்னத் கிராண்டும். ஒருவர் சுமார் 145 கிலோ, இன்னொருவர் 150-க்கும் மேல். கல்லூரி ஆட்டத்தில் அந்த ஆண்டு அவர்களைப் போன்ற இரட்டைத் தூண் அதிகம் இல்லை.

பந்தைக் கையில் வைத்து லைனின் நடுவே ஓடும் நடுவழி ஓட்டம் எப்படி வேலை செய்கிறது என்பதை நினைத்துப் பார். லைனில் ஐவரும் ஒரே திசையில் ஒரு சின்ன அடி, அரை அடிக்கும் குறைவான அடி, எடுத்து வைக்கிறார்கள். சென்டரும் கார்டும் இடுப்போடு இடுப்பு ஒட்டி, எதிரில் நிற்கும் பெரிய ஆளை இருவராகத் தள்ளுகிறார்கள். கை அவன் மேல், கண் மட்டும் பின்னால் நிற்கும் லைன்பேக்கர் மேல். லைன்பேக்கர் எந்தப் பக்கம் பாய்கிறானோ அந்தப் பக்கத்து ஆள் கழன்று போய் அவனை மறிக்க வேண்டும். மற்றவன் பெரிய ஆளைத் தனியாகத் தாங்க வேண்டும். இந்தக் கழலல் வார்த்தை பேசாமல் நடப்பது. பல வாரம் பக்கத்தில் நின்று பழகினால்தான் வரும்.

புதிய ஜோடியிடம் இதில் இரண்டு இடத்தில் பிசகும். ஒன்று, இருவர் இடுப்புக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விழும். கிரஹாம் மாதிரி ஆள் தோளைச் செருகி அந்த இடைவெளியைப் பிளந்துகொண்டு வருவான். இன்னொன்று, அவனை அசைக்கவே இரண்டு பேரும் தேவைப்படுவதால் ஒருவரும் கழல முடியாது. லைன்பேக்கர் தடையே இல்லாமல் வந்து ஓடுபவனைச் சந்திப்பான். இரண்டு யார்டு, விசில்.

அன்று நடந்தது அதுதான். க்வின்ஷான் ஜட்கின்ஸ் 12 ஓட்டத்தில் 46, ட்ரெவியான் ஹெண்டர்சன் 10 ஓட்டத்தில் 21. குவார்ட்டர்பேக் கணக்கையும் சேர்த்தால் அணிக்கு 26 ஓட்டத்தில் 77 யார்டு, சராசரி 3-க்குக் கொஞ்சம் கீழே. சராசரி 3 என்றால் கேட்பதற்கு மோசமில்லை போலத் தோன்றும். மூன்று முறை ஓடினால் 9. நான்காவது முயற்சியில் வழக்கமாகப் பந்தை உதைத்துவிடுவார்கள், அதற்குள் 10 எடுத்தால்தான் புதிய நான்கு முயற்சி கிடைக்கும். அந்த ஒரு யார்டு குறையில்தான் முழு ஆட்டமும் போனது. முதல் டவுனில் 2 யார்டு எடுத்தால் அடுத்தது 8 யார்டு வேண்டிய நிலை. எறியப்போகிறோம் என்று அரங்கில் இருந்த ஒரு லட்சம் பேருக்கும் தெரியும், எதிரணிக்குத் தெரியாதா? அழுத்தம் ஹவர்டின் மேல் விழும், பந்து தப்பாகப் போகும். 33 எறிதலில் 19 பிடிபட்டு 175 யார்டு, ஒரு டச்டவுன் (பந்தை எதிரணியின் கோல் பகுதிக்குள் சேர்ப்பது), இரண்டு பறிகொடுப்பு.

பூட்டிய கதவையே முட்டிக்கொண்டிருந்தோம். பக்கத்து வாசல் திறந்து கிடந்தது. ஜெரமையா ஸ்மித், இமேகா எக்புகா, கார்னெல் டேட் என்று மூன்று ரிசீவர்கள், எதிரில் ஜான்சன் இல்லாத கார்னர் வரிசை. அன்று ஸ்மித்துக்கு 5 பிடிப்பு, 35 யார்டு. ஒரு டச்டவுன் எடுத்தாலும், அந்தப் பையனிடம் நீளப் பந்து எத்தனை முறை போனது என்று ஆட்டத்தைத் திரும்பப் பார்க்கும்போது எண்ணிப் பார். கார்னர் 7 யார்டு தள்ளி நின்றால், 5 யார்டில் நின்று திரும்பும் ரிசீவருக்குச் சட்டென்று எறிந்துவிடலாம். கிரஹாமைத் தொடாமலே ஓட்டத்தைவிட அதிக யார்டு. கார்னர் நெருங்கி வந்து நின்றால் தலைக்கு மேல் எறியலாம். அதில் இரண்டு பிடிபட்டால் போதும், பின்னால் நிற்கும் சேஃப்டிகள் இன்னும் பின்வாங்குவார்கள், நடுவில் ஆள் குறையும். ஓட்டம் அதன் பிறகு வர வேண்டியது. லைன் பலமாக இருந்தால் ஓடி எறியலாம். ஒட்டுப்போட்ட லைனோடு எறிந்துதான் ஓட வேண்டும்.

இது பின்னால் யோசித்துச் சொல்லும் புத்திசாலித்தனம் என்பாய். டிசம்பர் 21-ஐப் பார். டென்னசியோடு முதல் தாக்குதலிலேயே ஸ்மித்துக்கு 37 யார்டு டச்டவுன். முதல் கால்பகுதி முடிவதற்குள் 21–0. அதில் மூன்றாவது ஹெண்டர்சனின் 29 யார்டு ஓட்டம். எறிதல் முதலில், ஓட்டம் பிறகு. ஹவர்டின் 29 எறிதலில் 24 பிடிபட்டு 311 யார்டு. முடிவு 42–17. அடுத்த ஆட்டமான ரோஸ் பௌலில் ஒரிகனோடும் அதே வரிசைதான்: ஸ்மித்துக்கு 45 யார்டு, எக்புகாவுக்கு 42, மறுபடி ஸ்மித், அதன் பிறகே ஹெண்டர்சனின் 66 யார்டு ஓட்டம், 34–0 வரை போய் 41–21-ல் முடிந்தது. சென்டர் அதே ஹின்ஸ்மன், இடது டேக்கிள் அதே ஜாக்சன். அந்த லைனை வைத்து என்ன முடியும், என்ன முடியாது என்று தலைமைக் கோச் ரயன் டேயும் தாக்குதல் கோச் சிப் கெல்லியும் உட்கார்ந்து யோசித்ததன் பலன் அது. அந்த யோசனை மூன்று வாரம் முன்னால் வந்திருக்கக் கூடாதா?

மிஷிகனின் முரட்டுத்தனத்துக்கு முரட்டுத்தனத்தாலேயே பதில் சொல்ல வேண்டும் என்ற ஆசைதான் காரணம் என்பது என் எண்ணம். 2021-ல் 42–27, 2022-ல் 45–23, 2023-ல் 30–24. மூன்று வருடம் ‘மென்மையான அணி’ என்று கேட்டுக் கேட்டுப் புண்பட்ட மனசு. அந்தப் பேச்சை நடுவழியாக ஓடித்தான் அடைக்க முடியும் என்று நினைத்துவிட்டார்கள். இதைத்தான் நீ ‘மனசு வைக்கவில்லை’ என்கிறாய். என் கண்ணுக்கு மனசு தேவைக்கு மேல் இருந்தது. எதிரணியோ தன்னால் எறிய முடியாது என்று தெரிந்து, அதை மறைக்காமல், மல்லிங்ஸை 32 முறை ஓடவிட்டு 116 யார்டு எடுத்தது. தன்னிடம் இருப்பது எது என்று அறிந்து ஆடியது. அதற்கு மரியாதை கொடுத்தாக வேண்டும்.

நம் உதைப்பவர் ஜேடன் ஃபீல்டிங்கைப் பற்றி நீ எழுதியது கொஞ்சம் கடுமை. 38, 34 யார்டு, இரண்டும் தவறின, மறுக்கவில்லை. ஆனால் ‘அந்த 6 புள்ளி இருந்தால் 16–13’ என்ற கூட்டல் சரிவராது. முன்னிலை மாறினால் இரண்டு பக்கமும் எடுக்கும் முடிவுகளும் மாறும். இன்னொன்றையும் கவனி. உதையின் நீளத்தில் 17 யார்டைக் கழித்தால் பந்து நின்ற கோடு வரும்: கோல் பகுதிக்கு 10, பின்னால் அனுப்ப 7. அப்படியென்றால் நம் தாக்குதல் 21-லும் 17-லும் நின்றுபோனது. அங்கே போய் நிற்பது லைன் குறை, உதைப்பவன் குறை அல்ல. பொதுவாகச் சொன்னால் கல்லூரி மைதானத்தில் இரண்டு ஹாஷ் கோடுகளுக்கும் (பந்தை வைத்துத் தொடங்கும் இடத்தின் எல்லைகள்) நடுவே 40 அடி, கோல் கம்பங்களுக்கு நடுவே 18 அடி 6 அங்குலம். ஓரத்து ஹாஷிலிருந்து உதைத்தால், தூரம் குறையக் குறையக் கோணம் மோசமாகும். என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீகின் மைதானத்தில் இந்தச் சிக்கல் இல்லை, அங்கே ஹாஷ் கோடுகள் கம்ப அகலத்துக்குள்ளேயே அடங்கிவிடும். மூன்றாம் டவுன் அழைக்கும்போதே, தோற்றால் பந்து எந்தக் கோட்டில் நிற்கும் என்று பார்க்கும் பழக்கம் வேண்டும். ஜனவரி 20 அன்று அட்லாண்டாவில் 26 வினாடி மிச்சமிருக்கையில் 33 யார்டு உதையைப் போட்டு 34–23 என்று முடித்தது அதே ஃபீல்டிங்தான். தவறவிட்ட 34-ஐவிட ஒரு யார்டுதான் குறைவு. அந்தப் பந்து உள்ளே போனபோது எனக்குக் கண் கலங்கியது.

ஆட்டம் முடிந்ததும் மிஷிகன் ஆட்கள் நம் மைதானத்தில் கொடி நட்டதால் வந்த சண்டையையும், போலீஸ் அடித்த மிளகுத் தெளிப்பையும், இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் தலா ஒரு லட்சம் டாலர் அபராதத்தையும் பற்றி எழுத எனக்கு மனமில்லை. விட்டுவிடலாம்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. இந்த வருடம்தான் கோப்பைக்கான ப்ளேஆஃப் சுற்று 12 அணியானது. தேர்வுக் குழுவின் கடைசித் தரவரிசையில் நாம் 6. சென்ற வருடம் வரை இருந்த நான்கு அணி முறையில் மிஷிகன் தோல்வியோடு சீசன் முடிந்திருக்கும், நாம் இருவரும் வேறு மாதிரிக் கடிதம் எழுதிக்கொண்டிருப்போம். புதிய முறையின் ஆட்ட வரிசையில் 8-ஆவது இடம் கிடைத்தது, முதல் ஆட்டமும் சொந்த மைதானத்திலேயே. விதி மாறியது நமக்கு ஒரு மறுவாய்ப்பு. அந்த வாய்ப்பை வீணாக்காதது அணியின் பெருமை, அதில் எனக்கும் உனக்கும் சண்டையில்லை.

சாயர், டுயிமோலோவ், எக்புகா, ஹெண்டர்சன், ஜாக்சன். தொழில்முறை ஆட்டத்துக்குப் போகாமல் இன்னொரு வருடம் தங்கியதே மிஷிகனை வெல்லத்தான். கோப்பையோடு போகிறார்கள், ஆனால் அந்த ஒரு வெற்றி இல்லாமலே போகிறார்கள். டெக்சஸ் ஆட்டத்தில் சாயர் பந்தைப் பறித்து 83 யார்டு ஓடியபோது அரங்கமே எழுந்து நின்றது. அதே சாயர் நவம்பரில் மைதானத்தின் நடுவில் நின்ற முகத்தை நீயும் பார்த்தாய். அந்த முகத்துக்கு எந்தக் கோப்பை ஈடு?

செய்திகள்: டேக்கு 2031 வரை புதிய ஒப்பந்தம், வருடம் சராசரி ஒரு கோடியே 25 லட்சம் டாலர். டிசம்பரில் அவரைத் துரத்தச் சொன்னவர்கள் இப்போது வாய் திறப்பதில்லை. நீயும் சொன்னாய், நான் மறக்கவில்லை. கெல்லி லாஸ் வேகஸ் ரெய்டர்ஸுக்கும், தடுப்பு கோச் ஜிம் நோல்ஸ் பென் ஸ்டேட்டுக்கும் போய்விட்டார்கள். ஹவர்ட் போகிறார். ஸ்மித்தும் டேட்டும் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் கிரஹாம், கிராண்ட் இருவருமே போகிறார்கள்.

வசந்தகாலப் பயிற்சியில் குவார்ட்டர்பேக் யார் என்றுதான் எல்லாரும் பார்ப்பார்கள். நீ இடது டேக்கிளில் யார் நிற்கிறார், சென்டருக்குப் பக்கத்தில் கார்டாக வாரா வாரம் அதே ஆள் நிற்கிறாரா என்று பார்த்து எழுது. நவம்பர் 29 மிஷிகன் ஆட்டம் ஆன் ஆர்பரில், அவர்கள் மைதானம். நம் பந்தின்போதுதான் சத்தம் உச்சத்தில் இருக்கும். சென்டரின் குரல் கார்டுக்கே கேட்காது.

அன்புடன்,
செல்வம்