கேம்ப் முதல் நாள்: பேரண்ட்ஸ் கொஞ்சம் பாருங்க

நாளைக்கு கேம்ப் முதல் நாள். பாட்டில், தொப்பி, மாத்து டிரஸ் எல்லாத்துலயும் பேர் எழுதிருங்க, போன தடவ ஒரே மாதிரி நீல பாட்டில் 6 வந்து எது யாரோடதுன்னே தெரியாம நாங்க பட்ட பாடு இருக்கே 😅 சன்ஸ்கிரீன் கிளம்புறதுக்கு 15 நிமிஷம் முன்னாடியே வீட்ல தடவிருங்க, அப்புறம் 2 மணி நேரத்துக்கு ஒருக்கா நாங்க பாத்துக்குறோம். இன்ஹேலர், மாத்திரை இருந்தா பையில போட்டு அனுப்பாதீங்க, எங்க கையில குடுத்து விவரம் சொல்லுங்க.

கேட்ல குழந்தை அழுதா ஒரு முத்தம், "சாயங்காலம் வர்றேன்", அவ்ளோதான், கிளம்பிருங்க. சொல்லாம நழுவவும் வேணாம், ஜன்னல்ல எட்டிப் பாக்கவும் வேணாம் ப்ளீஸ், அடங்குன அழுகை திரும்ப ஆரம்பிச்சிரும். கூட்டிட்டுப் போக வேற யாராச்சும் வந்தா காலையிலயே எனக்குத் தனியா மெசேஜ் போட்ருங்க, குரூப்ல வேணாம்.