பொம்மைக்கு எழுதியவர்களின் பெயரையும் போடுங்கள்

தொலைக்காட்சி சேனல்களில் நிகழ்ச்சிப் பொறுப்பில் இருக்கும் மதிப்பிற்குரியவர்களுக்கு,

வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்களில் ஒருவருடைய சேனலில் ஆண்டு விழாச் சிறப்புத் தொகுப்பு ஓடியது. எந்தச் சேனல் என்று நான் எழுதப்போவதில்லை. உரியவர்களுக்குத் தெரியும், மற்றவர்களும் இதையேதான் செய்கிறீர்கள். இரண்டு மணி நேரம் பழைய காமெடி ஸ்கிட்டுகள், பொம்மைகள் பேசிய பகுதிகள். நடித்தவர்கள் மேடைக்கு வந்தார்கள். பொம்மை ஆட்டியவர்கள் வந்தார்கள். குரல் கொடுத்தவர்கள், பொம்மை செய்தவர்கள், ஒப்பனை, உடை, கேமரா, எடிட்டிங் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நன்றி சொன்னீர்கள். வீட்டில் உட்கார்ந்து நானும் மனசாரக் கைதட்டினேன். அவர்களோடு பதினேழு வருடம் வேலை பார்த்தவன் நான்.

கடைசி நிமிடம் வரை காத்திருந்தேன். எழுதியவர்களில் ஒருவருடைய பெயர்கூட வரவில்லை.

அந்தத் தொகுப்பில் ஓடிய ஸ்கிட்டுகளில் நான்கு நான் எழுதியவை. மற்றவற்றை எழுதியவர்களையும் எனக்கு நேரில் தெரியும். நாங்கள் கேட்பது ஒன்றுதான். எழுதியவரின் பெயரைத் திரையில் போடுங்கள். படிக்கிற அளவில், படித்து முடிக்கிற நேரம் வரை போடுங்கள்.

பொம்மைக்கு எழுதுவது என்றால் என்ன என்பதை ஒரு தடவையாவது கிட்டத்தில் காட்ட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அதிகமாகக் கைதட்டல் வாங்கிய ஸ்கிட்டையே எடுத்துக்கொள்கிறேன். ஒரு அலுவலகக் கவுன்ட்டர். ஒரு பொம்மை தன் அடையாளச் சான்றிதழுக்காக வந்து நிற்கிறது. உள்ளே இருக்கும் அதிகாரிப் பொம்மை, "நீங்க யாருன்னு நிரூபிக்க என்ன இருக்கு?" என்று கேட்கிறது. நான் முதலில் எழுதிய பதில் இது: "என் உள்ளே ஒருத்தர் கையை விட்டு என்னை ஆட்டிக்கொண்டிருக்கிறார், வேண்டுமானால் அவரிடம் விசாரித்துக்கொள்ளுங்கள்."

காகிதத்தில் படிக்க நன்றாகத்தான் இருந்தது. பொம்மை ஆட்டுபவர் ஒன்றும் சொல்லாமல் அந்தப் பொம்மையை என் கையில் மாட்டிவிட்டு, "நீங்களே பேசிப் பாருங்க தம்பி" என்றார். கட்டைவிரல்தான் கீழ்த்தாடை. மற்ற நான்கு விரல்களும் மேல்வாய். ஒவ்வொரு அசைக்கும் வாய் ஒரு முறை திறந்து மூட வேண்டும். அதையும் கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, பொம்மையைப் பார்க்காமல் கீழே இருக்கும் மானிட்டரைப் பார்த்துச் செய்ய வேண்டும். "விசாரித்துக்கொள்ளுங்கள்" வருவதற்குள் எனக்கு மணிக்கட்டு இழுத்துக்கொண்டது. அன்று ராத்திரி வீட்டில் ஒரு சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு அதே வசனத்தைத் திரும்பத் திரும்பப் பேசிப் பார்த்துக் குறைத்தேன். கடைசியில் நின்றது இவ்வளவுதான்: "உள்ள ஆள் இருக்கு. கேளுங்க."

முடிவில் "கேளுங்க" என்று போட்டதற்கும் காரணம் உண்டு. "கேட்கணும்" என்று முடித்தால் கடைசி "ம்"மில் பொம்மையின் வாய் மூடிவிடும். மூடிய வாயோடு நிற்கும் பொம்மை பொம்மையாகவே தெரியும். "கேளுங்க" என்றால் வாய் திறந்தபடி நிற்கும், அப்படியே அதிகாரியை நிமிர்ந்து பார்க்கும், சிரிப்பு அங்கேதான் வரும். அந்தப் பொம்மைக்குக் கண் அசையாது, புருவம் அசையாது. அதனால் அதிர்ச்சி, சந்தேகம், கோபம் எல்லாவற்றையும் கழுத்துத் திருப்பலாகவே யோசித்து எழுத வேண்டும். ஸ்கிரிப்டில் "பார்க்கிறது, கேமராவைப் பார்க்கிறது, மறுபடி பார்க்கிறது" என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிக்கு நான் ஒரு மதியம் முழுவதும் செலவழித்திருக்கிறேன்.

இன்னும் இருக்கிறது. பொம்மையால் பேனாவை எடுக்க முடியாது, முன்கூட்டியே கையில் பொருத்தியிருக்க வேண்டும். அப்படியானால் பேனா ஏன் ஏற்கெனவே கையில் இருக்கிறது என்பதற்கு ஒரு காரணத்தைக் கதைக்குள் வைக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பொம்மை நின்றால் கவுன்ட்டருக்குக் கீழே இரண்டு பெரிய ஆட்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு மண்டியிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். மூன்றாவது பொம்மை உள்ளே வர வேண்டுமென்றால் அவர்களில் ஒருவர் தவழ்ந்து நகர நேரம் வேண்டும். அந்த நேரத்துக்கு வேறொரு வசனம் வேண்டும், அந்த வசனமும் சிரிக்க வைக்க வேண்டும். இதையெல்லாம் எழுதுகிறவர்தான் யோசிக்கிறார்.

சரி, இது எங்கள் வேலை, இதைச் சொல்லிப் பெருமைப்பட வரவில்லை. இப்படி எழுதியவனுக்கு அதற்கப்புறம் என்ன நடந்தது என்பதுதான் இந்த மடலை எழுத வைத்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பயிற்சி நிறுவனத்தில் நகைச்சுவை எழுத்து சொல்லிக்கொடுக்க ஆள் தேடினார்கள். போனேன். எதிரே மூன்று பேர். மரியாதையாகத்தான் பேசினார்கள். "நீங்கள் எழுதினீர்கள் என்பதற்கு ஆதாரம் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஒப்பந்தங்கள் பெரும்பாலும் தயாரிப்பு நிறுவனத்தின் பெயரில் இருந்தன. என்னிடம் இருந்தது வாய்ப்பேச்சு மட்டும்தான். அந்த நிறுவனங்களில் இரண்டு இப்போது இல்லவே இல்லை. அதனால் லேப்டாப்பைத் திறந்து எபிசோடின் கடைசிக்குப் போனேன்.

பெயர்ப்பட்டியல் ஓடும்போது நீங்கள் என்ன செய்வீர்கள் என்று உங்களுக்கே தெரியும். திரையின் ஒரு மூலைக்கு அதைச் சுருக்கிவிட்டு, மீதி இடத்தில் அடுத்த நிகழ்ச்சியின் டிரெய்லரை ஓட விடுவீர்கள். நான் வீடியோவை நிறுத்தினேன். ஒரு ஃபிரேம் முன்னால், ஒரு ஃபிரேம் பின்னால் நகர்த்தினேன். பெரிதாக்கினேன். "எழுத்து" என்ற சொல்லில் "ழு"வா "மு"வா என்றே தெரியவில்லை. அதற்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. அந்தக் கோடுதான் என் பெயர். மூன்று பேரும் முன்னால் குனிந்து பார்த்தார்கள். ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "இதுதான் நான்" என்று விரலை வைத்துக் காட்டினேன். அடுத்த எபிசோடைத் திறந்தேன், அதில் பட்டியலே வெட்டப்பட்டிருந்தது. இன்னொன்றைத் திறந்தேன், அதிலும் வெட்டியிருந்தார்கள். "பரவாயில்லை, விடுங்கள்" என்றார்கள். அப்புறம் அவர்களில் வயதில் இளையவர், குறை சொல்லும் எண்ணம் கொஞ்சமும் இல்லாமல், "பொம்மைக்கு எதற்கு சார் ரைட்டர்? ஆட்டுகிறவரே பேசிவிடுவார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்" என்றார்.

அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். பெயரே வராத இடத்தில் ஒரு ஆள் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? "நீங்க யாருன்னு நிரூபிக்க என்ன இருக்கு?" என்று நான் எழுதிய கேள்விக்கு முன்னால் நானே உட்கார்ந்திருந்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் அந்தக் கேள்விதான் காதில் கேட்டது.

இந்தத் துறையில் பெயர் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க எழுத்தாளர் ஜெர்ரி ஜுல் ஒருவர் போதும். 1961-ல், மப்பெட் பொம்மைகளை உருவாக்கிய ஜிம் ஹென்சனிடம் பொம்மை ஆட்டுபவராகச் சேர்ந்தார். 1963-ல் ஃபிராங்க் ஆஸ் என்ற இன்னொரு பொம்மை ஆட்டுபவர் வந்த பிறகு, மெதுவாக எழுத்துப் பக்கம் முழுதாக நகர்ந்தார். அவர் கை அந்த வலியை அறிந்த கை. 1976 முதல் 1981 வரை 120 எபிசோடுகள் ஓடிய மப்பெட் ஷோ என்ற பொம்மை நிகழ்ச்சியில் இரண்டாவது சீசனிலிருந்து தலைமை எழுத்தாளர் அவர்தான். 1981-ல் அந்த நிகழ்ச்சியின் எழுத்துக்கு, அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது கிடைத்தபோது, பொம்மைகளுக்கு எழுதியவர்கள் என்று தனியாகச் சில மனிதர்கள் இருப்பதை எல்லாரும் பார்த்தார்கள். 2005-ல் அவர் காலமானார். இத்தனை வருடம் கழித்து, வேறொரு மொழியில் எழுதும் நான் அவர் பெயரைச் சொல்ல முடிகிறதென்றால், யாரோ அதைத் திரையில் எழுதி வைத்ததால்தான்.

பிரிட்டனில் 1984-ல் தொடங்கி 1996 வரை ஓடிய ஸ்பிட்டிங் இமேஜ் என்ற அரசியல் நையாண்டிப் பொம்மை நிகழ்ச்சியில் பொம்மை செய்தவர்கள் வேறு, ஆட்டியவர்கள் வேறு, அரசியல்வாதிகளின் குரலில் பேசியவர்கள் வேறு, எழுதியவர்கள் வேறு. அதற்கு எழுதிய ராப் கிராண்டும் டக் நெய்லரும் 1988-ல் ரெட் டுவார்ஃப் என்ற சொந்தத் தொடரையே உருவாக்கினார்கள். ஸ்கிட்டில் கை பழகி, பொம்மையில் தேறி, தொடருக்குப் போவது ஒரு நகைச்சுவை எழுத்தாளரின் வழக்கமான வளர்ச்சி. எங்களில் எத்தனையோ பேர் பத்து வருடம் எழுதியும் முதல் படியிலேயே நிற்கிறார்கள். ஒவ்வொரு புது இடத்திலும் "இதற்கு முன்னால் என்ன எழுதினீர்கள்?" என்ற கேள்வி, ஒவ்வொரு இடத்திலும் அதே சாம்பல் கோடு.

இதோடு முடியவில்லை. பழைய ஸ்கிட்டுகளை முப்பது வினாடித் துண்டுகளாக வெட்டி, மூலையில் சேனல் முத்திரையை மட்டும் வைத்து இணையத்தில் போடுகிறீர்கள். லட்சக்கணக்கான பேர் பார்க்கிறார்கள். அதிலிருந்து எங்களுக்கு ஒரு காசு வருவதில்லை, அது தனிச் சண்டை. பெயராவது வருகிறதா? புதிதாக எழுத வரும் பிள்ளைகளிடம் "டெஸ்ட் ஸ்கிரிப்ட்" என்று பத்துப் பக்கம் எழுதி வாங்குகிறார்கள், "சொல்லி அனுப்புகிறோம்" என்று அனுப்பிவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து அதே பஞ்ச் ஒரு நிகழ்ச்சியில் வருகிறது. அந்தப் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்? ஐந்து பேர் உட்கார்ந்து எழுதுகிற அறையில் ஒருவருடைய பெயர் மட்டும் மேலே போகிறது, அவரும் எழுதியவராக இருப்பதில்லை. அமெரிக்காவில் யாருக்கு எழுத்தாளர் பெயர் என்பதில் தகராறு வந்தால் அவர்களுடைய எழுத்தாளர் சங்கமே விசாரித்து முடிவு செய்கிறது. 2023-ல் அதே சங்கம் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தது. நாங்கள் ஒரு நாள்கூடப் பேனாவைக் கீழே வைத்ததில்லை. ஷூட்டிங் நிற்கக் கூடாதென்று காய்ச்சலோடு எழுதிக் கொடுத்தவர்கள் எங்களில் இருக்கிறார்கள்.

மன்னிக்க வேண்டும், கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன். கோபத்தை இறக்கி வைப்பதற்காக இந்த மடலை எழுதவில்லை. ஒன்றைக் கேட்டு வாங்க வந்திருக்கிறேன், அதை மரியாதையோடே கேட்கிறேன். எழுதியவரின் பெயரைப் போடுங்கள்.

"உரிமையை எல்லாம் விற்றுவிட்டீர்களே" என்று உங்களில் ஒருவர் என்னிடம் முன்பு சொன்னார். ஆமாம், விற்றோம். ஆனால் படைப்பாளிகளின் உரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் 1928-ல் சேர்த்த '6bis' என்ற பிரிவு இதற்காகவே இருக்கிறது. ஒரு படைப்பின் பொருளாதார உரிமைகளைக் கைமாற்றிக் கொடுத்த பிறகும், அது தன் படைப்பு என்று சொல்லிக்கொள்ளும் உரிமை எழுதியவரிடமே இருக்கும் என்கிறது அது. நாங்கள் விற்றது ஸ்கிட்டை. பெயரை விற்கவில்லை, நீங்களும் அதற்கு விலை கொடுக்கவில்லை.

நேரம் இல்லை என்பீர்கள். மூன்று வினாடி போதும். ஸ்கிட் தொடங்கும்போது தலைப்போடு சேர்த்தே எழுதியவர் பெயரையும் போட்டுவிடுங்கள், அப்போது கடைசியில் பட்டியலைச் சுருக்கினாலும் வெட்டினாலும் பெயர் தப்பிக்கும். மறுஒளிபரப்பிலும் இருக்கட்டும். இணையத்தில் போடும் துண்டுகளில், வீடியோவுக்குக் கீழே எழுதும் குறிப்பில் ஒரு வரி சேருங்கள். பழைய நிகழ்ச்சிகளுக்கு யார் எழுதினார்கள் என்று தெரியவில்லை என்றால் எங்களைக் கேளுங்கள். எங்களுக்கு ஒருவரையொருவர் தெரியும். இதை எழுதியவர் அவர்தான் என்று விட்டுக்கொடுத்துச் சொல்லத் தயங்க மாட்டோம்.

தொகுப்பின் இரண்டாம் பகுதி வரும் ஞாயிற்றுக்கிழமை என்று அறிவித்திருக்கிறீர்கள். முதல் பகுதியில் ஓடிய ஸ்கிட்டுகளையும் இரண்டாம் பகுதிக்கான முன்னோட்டத்தில் காட்டியவற்றையும் எழுதிய ஒன்பது பேருடைய பெயர்களை, எந்த ஸ்கிட் யாருடையது என்ற விவரத்தோடு, எழுத்துப்பிழை இல்லாமல் தட்டச்சு செய்து உங்கள் நிகழ்ச்சிப் பிரிவுக்கு நேற்று அனுப்பியிருக்கிறேன். அந்த ஒன்பது பேரில் ஒருவர் இப்போது உயிரோடு இல்லை. பட்டியலில் அவர் பெயர் நான்காவதாக இருக்கிறது. அவருடைய மகளிடம் ஞாயிற்றுக்கிழமை டிவி பார்க்கச் சொல்லியிருக்கிறேன். தயவுசெய்து போடுங்கள்.

இப்படிக்கு,
பொம்மைகளுக்கும் ஸ்கிட்டுகளுக்கும் பதினேழு வருடமாக எழுதிவரும் ஒருவன்