எம்பிங்களா, அந்த 2011 தீர்ப்ப கொஞ்சம் தூசி தட்டுங்க

தமிழ்நாட்டுல இருந்து டெல்லிக்கு போயிருக்கிற 39 லோக்சபா எம்பிங்களுக்கும் 18 ராஜ்யசபா எம்பிங்களுக்கும் பாலாத்தங்கரையில இருந்து வணக்கம்.

கட்சி பாத்து எழுதல, எல்லாருக்கும் சேத்து தான். சுற்றுச்சூழல் அமைச்சருக்கே எழுதலாம்னு தான் மொதல்ல நெனச்சேன், ஆனா அங்க போற மனு எப்படி சுத்தும்னு இந்த பக்கம் எல்லாருக்கும் தெரியும், அமைச்சகத்துல இருந்து மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு போகும், அவங்க "உரிய நடவடிக்கைக்கு"ன்னு ஒரு வரி போட்டு கிண்டில இருக்கிற மாநில மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்புவாங்க, கிண்டில இருந்து மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளர் ஆபீசுக்கு இறங்கும், கடைசில நாம யார் மேல புகார் சொன்னோமோ அவங்க கையெழுத்துலயே "தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது"ன்னு பதில் வரும். அதனால தான் உங்களுக்கு. நீங்க கேட்டா அமைச்சர் எழுந்து நின்னு பதில் சொல்லணும், எனக்கு அந்த வசதி இல்ல.

விஷயம் இது தான். 2011 ஜூலை 6-ம் தேதி சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு குடுத்துச்சு, மேகாலயாவுல லஃபார்ஜ் கம்பெனியோட சுண்ணாம்புக்கல் சுரங்க கேஸ். அதுல போற போக்குல இல்ல, தெளிவா சொன்னாங்க, 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்பு சட்டத்தோட 3(3) பிரிவுல தேசிய அளவுல ஒரு ரெகுலேட்டர வைங்க, புராஜெக்ட்ட மதிப்பீடு பண்றது, நிபந்தனைய போடுறது, மீறினா அபராதம் போடுறது எல்லாத்தையும் அது பாக்கட்டும்னு. அரசு அசையல. 2014 ஜனவரில திரும்ப அதே கோர்ட், மார்ச் 31-க்குள்ள வைங்கன்னு தேதி போட்டே சொல்லுச்சு. அந்த மார்ச் போய் எத்தன மார்ச் வந்துருச்சு, அப்படி ஒரு அமைப்பு இன்னும் வரல.

யோசனையே இல்லாம இருந்தாங்கன்னும் சொல்ல முடியாது. 2009-லயே அமைச்சகம் தேசிய சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆணையம்னு ஒரு விவாத அறிக்கை விட்டுச்சு. 2014-ல சுற்றுச்சூழல் சட்டங்கள திரும்ப பாக்க அரசு போட்ட டிஎஸ்ஆர் சுப்ரமணியன் கமிட்டி மத்தியில ஒண்ணு மாநிலத்துக்கு ஒண்ணுன்னு புது ஆணையம் வைக்க சொல்லுச்சு. ஆனா அந்த கமிட்டி இன்னொன்னும் சொல்லுச்சு, கம்பெனிகாரங்க தாங்களே எழுதி குடுக்கிறத நல்ல நம்பிக்கையில ஏத்துக்கலாம்னு, அத பாத்துட்டு பார்லிமெண்ட் நிலைக்குழு 2015-ல ரிப்போர்ட்டையே வேணாம்னு சொல்லிருச்சு. அதுல தப்பு ஒண்ணும் இல்ல, எனக்கும் அதே கருத்து தான், ஆனா ரிப்போர்ட் போச்சுன்னா அதோட சேந்து ஆணையமும் போயிரணுமா?

சரி, ரெகுலேட்டர் இல்லன்னா என்ன, மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் இருக்கேன்னு யாராவது கேப்பீங்க. இருக்கு. 1974 தண்ணீர் சட்டத்துல பொறந்தது, 1981 காற்று சட்டத்துல அதிகாரம் கூடுச்சு, 1984-ல போபால் நடந்தப்புறம் 1986 சட்டம் வந்து இன்னும் கொஞ்சம் வேல சேந்துச்சு. நம்ம மாநில வாரியம் 1982-ல தான் வந்துச்சு. மத்திய வாரியம் தரத்த நிர்ணயிக்கும், டேட்டா சேக்கும், மாநில வாரியங்களுக்கு வழி சொல்லும், மத்திய அரசுக்கு ஆலோசனை சொல்லும். ஃபேக்டரி ஆரம்பிக்க ஒரு கன்சென்ட், அதாவது அனுமதி, ஓட்ட ஒரு கன்சென்ட், ரெய்டு, சாம்பிள், மூட உத்தரவு இதெல்லாம் மாநில வாரியம். அவங்க ஒண்ணுமே பண்ணலன்னு சொன்னா அது பொய். தினமும் சாயங்காலம் 4 மணிக்கு காத்து தரம் பத்தி புல்லட்டின் வருதே அது மத்திய வாரியம் போடுறது தான், சென்னையில மணலில என்ன காத்து வீசுதுன்னு வீட்ல உக்காந்து பாக்க முடியுது. 2009-ல அவங்களே நாடு முழுக்க தொழில் பகுதிகளுக்கு மார்க் போட்டாங்க, அதுல மிக மோசம்னு வந்த 43 இடத்துல வேலூர், கடலூர், மணலி, கோயம்புத்தூர் நாலும் நம்மது. வியாதி என்னன்னு சொல்ற ஆள் இருக்காங்க, ஊசி போட அவங்களுக்கு கை இல்ல.

ஏன் கை இல்ல? 1974 தண்ணீர் சட்டத்தோட 3-வது பிரிவ எடுத்து படிங்க, ரெண்டு நிமிஷம் தான் ஆகும். வாரியத்துல மொத்தம் 17 பேர் வரைக்கும் இருக்கலாம். தலைவர், மெம்பர் செக்ரட்டரி, மத்திய அரசு அதிகாரிங்க 5 பேர் வரை, மாநில வாரியங்கள்ல இருந்து 5 பேர் வரை, மத்திய அரசு கம்பெனிங்க சார்பா 2 பேர். மிச்சம் 3 சீட் இருக்குல்ல, அது விவசாயம், மீன்பிடி, தொழில், வியாபாரம் எல்லாத்துக்கும் சேத்து. ஆத்துல கழிவு விடுறவரும் அந்த தண்ணிய பாய்ச்சுறவரும் மூணு சீட்டுக்குள்ள அடிச்சுக்கணும், யார் வரணும்னு முடிவு பண்றது மத்திய அரசு. தலைவர் சீட்டோட கதை இன்னும் நல்லாருக்கு, சமீப வருஷங்கள்ல பல தடவ அமைச்சகத்தோட அடிஷனல் செக்ரட்டரியே கூடுதல் பொறுப்பா அந்த சீட்ல உக்காந்திருக்கார். காலையில புராஜெக்ட்ட ஊக்குவிக்கிற அமைச்சகத்துல ஒரு ஃபைல், மத்தியானம் அதே புராஜெக்ட்ட கண்காணிக்கிற வாரியத்துல ஒரு ஃபைல். வேலிக்கு ஓணான் சாட்சி.

அதுக்கப்புறம் 18-வது பிரிவு. மத்திய அரசு எழுதி குடுக்கிற உத்தரவுக்கு மத்திய வாரியம் கட்டுப்படணும். மத்திய வாரியமோ மாநில அரசோ சொல்றதுக்கு மாநில வாரியம் கட்டுப்படணும். ரெண்டு பேரும் வேற வேற சொன்னா? மத்திய அரசு முடிவு பண்ணும். இதுல எங்கயாவது வாரியம் தானா ஒரு முடிவு எடுக்க எடம் இருக்கான்னு நீங்களே சொல்லுங்க. மாநில வாரியங்களுக்கு தலைவரா யார வேணா போடுறாங்க, சுற்றுச்சூழலுக்கு சம்பந்தமே இல்லாத ஆளுங்க கூட வர்றாங்கன்னு பசுமை தீர்ப்பாயம் வரைக்கும் போய் 2017-ல சுப்ரீம் கோர்ட்டே தகுதிக்கு ரூல்ஸ் போடுங்கன்னு மாநிலங்களுக்கு சொல்ல வேண்டி வந்துச்சு.

இப்ப எங்க ஊர் கதை. 1996 ஆகஸ்ட் 28, வேலூர் கேஸ் தீர்ப்பு, சட்டம் படிக்கிற பசங்க எல்லாருக்கும் மனப்பாடம், அழுக்கு பண்றவனே காசு குடுக்கணும்ங்கிற கொள்கை இந்த நாட்டு சட்டத்தோட ஒரு பகுதின்னு சொன்ன தீர்ப்பு அது. தோல் பதனிடுற ஷாப்புங்க விட்ட கழிவால 35,000 ஹெக்டேர் கிட்ட நிலம் பாதியோ முழுசோ பயிர் பண்ண லாயக்கில்லாம போச்சுன்னு அந்த தீர்ப்புலயே இருக்கு. நஷ்டஈடு கணக்கு போட தனியா ஒரு ஆணையம் வைக்க சொன்னாங்க, வச்சாங்க. அதுக்கு அப்புறம் 2025 ஜனவரி 30-ம் தேதி அதே சுப்ரீம் கோர்ட் அதே பாலாறு விஷயத்துல திரும்ப ஒரு தீர்ப்பு, நஷ்டஈடு வராத குடும்பங்களுக்கு ஆறு வாரத்துல குடுங்க, குடுத்துட்டு கம்பெனிங்க கிட்ட வசூல் பண்ணுங்கன்னு. ரெண்டு தீர்ப்புக்கும் நடுவுல 28 வருஷம். அந்த 28 வருஷமும் ரெண்டு வாரியமும் இருந்துச்சு, ஆபீஸ் இருந்துச்சு, ஜீப் இருந்துச்சு.

ராணிப்பேட்டையில 1990-கள்ல மூடின ஒரு குரோமேட் ஃபேக்டரி விட்டுட்டு போன குரோமியம் கழிவு 2 லட்சம் டன்னுக்கு மேல, மழை பெஞ்சா அதுல இருந்து மஞ்சளா வடியும். யாரோட பொறுப்பு? மாநில வாரியம் மத்திய வாரியத்த காட்டும், அவங்க அரசாங்கத்த காட்டுவாங்க. இப்படி நஞ்சான இடங்கள என்ன பண்றதுன்னு நாட்டுக்கு தனியா ஒரு விதிமுறையே 2025 ஜூலைல தான் வந்துச்சு. அதே ராணிப்பேட்டை சிப்காட்ல 2015 ஜனவரி 31-ம் தேதி ராத்திரி பொது சுத்திகரிப்பு நிலையத்தோட கழிவு தொட்டி சுவர் இடிஞ்சு பக்கத்து தோல் ஷாப்ல தூங்கிட்டு இருந்த 10 தொழிலாளிங்க செத்தாங்க, நெறைய பேர் மேற்கு வங்காளத்துல இருந்து பொழைக்க வந்தவங்க. செத்தது ஆறோ மீனோ இல்ல, ஆளுங்க. அவங்கள பாக்க வேண்டிய கண்காணிப்பு எங்க போச்சுன்னு பார்லிமெண்ட்ல யாராவது விடாம கேட்டீங்களா?

சாம்பிள் எடுக்கிறத நீங்க நேர்ல பாத்துருக்கீங்களான்னு தெரியல, அதனால சொல்றேன். கோர்ட்ல செல்லணும்னா தண்ணீர் சட்டத்தோட 21-வது பிரிவு படி தான் எடுக்கணும். அதிகாரி அங்கேயே ஓனருக்கு நோட்டீஸ் குடுக்கணும், ஓனர் முன்னாடி கழிவு தண்ணிய எடுத்து ரெண்டு பங்கா பிரிக்கணும், ரெண்டு பாட்டில்லயும் சீல் வச்சு ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு லேபுக்கு அனுப்பணும். முறை சரி தான், குறை சொல்ல மாட்டேன். ஆனா எங்க பக்கம் நுரை வர்றது ராத்திரி ஒரு மணிக்கு மேல, மழை தூறுற நாளா பாத்து. ஃபோன் பண்ணா எடுக்க ஆள் இல்ல, மறுநாள் பதினொரு மணிக்கு ஜீப் வர்றப்ப வாய்க்கால்ல தெளிஞ்ச தண்ணி ஓடும், ஃபேக்டரியோட கழிவு சுத்திகரிப்பு மோட்டார் சத்தமா ஓடிட்டு இருக்கும், இவங்க அந்த தண்ணிய பிடிச்சு சீல் வச்சு போவாங்க. ரிப்போர்ட் எப்படி வரும்னு தனியா சொல்லணுமா. ராத்திரி ஷிஃப்ட்டுக்கு ஒரு ஆள் இருந்தா போதும், ஆனா நாடு முழுக்க மாநில வாரியங்கள்ல அனுமதிச்ச போஸ்ட்ல பாதிக்கு கிட்ட காலி, இது அரசாங்கமே பசுமை தீர்ப்பாயத்துல குடுத்த கணக்கு.

ஆள் இல்லன்னா யாருக்கு லாபம்னு பாருங்க. அதே தண்ணீர் சட்டத்தோட 25(7) பிரிவு, விண்ணப்பம் முழுசா குடுத்து நாலு மாசத்துக்குள்ள வாரியம் சரின்னோ முடியாதுன்னோ சொல்லலன்னா கன்சென்ட் குடுத்த மாதிரியே ஆயிரும், அதுவும் எந்த நிபந்தனையும் இல்லாம. அதாவது ஃபைல் தூங்கினா போதும், அனுமதி தானா வந்துரும். ரேஷன் கார்டுல பேர் சேக்க நான் மனு குடுத்தா நாலு மாசத்துல அப்படி தானா ஏறிருமா?

தண்டனைக்கு வருவோம். முன்னாடி ஆத்துல நஞ்ச விட்டா தண்ணீர் சட்டத்துல ஒன்றரை வருஷத்துல இருந்து ஆறு வருஷம் ஜெயில். 2024 திருத்தத்துல அத எடுத்துட்டு 10,000-ல இருந்து 15 லட்சம் வரைக்கும் அபராதம்னு ஆக்கிட்டாங்க, மொதல்ல ஹிமாச்சல், ராஜஸ்தான், யூனியன் பிரதேசங்களுக்கு, மத்த மாநிலம் சட்டசபையில தீர்மானம் போட்டா அங்கயும். 1986 சட்டத்துலயும் காற்று சட்டத்துலயும் 2023-லயே இதே மாதிரி மாத்தியாச்சு. ஜெயில்ல யாரையும் போட்டதே இல்ல, அபராதமாவது வேகமா வரட்டும்னு சொல்றவங்க இருக்காங்க, அந்த வாதத்துல கொஞ்சம் நியாயமும் இருக்கு. ஆனா ஒண்ணு கவனிங்க, 1996-ல சுப்ரீம் கோர்ட் ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் போட்ட அபராதம் 10,000 ரூபாய். 2024-ல சட்டம் போட்ட கீழ் வரம்பும் 10,000 ரூபாய். அன்னைக்கு தங்கம் என்ன விலை, இன்னைக்கு என்ன விலை?

அதே திருத்தத்துல மாநில வாரிய தலைவர எப்படி நியமிக்கணும்னு ரூல் போடுற அதிகாரத்த மத்திய அரசு எடுத்துக்கிச்சு. இங்க தான் எனக்கு ஒரு பயம், தேசிய அமைப்பு வேணும்னு நான் கேக்கிறத எல்லாத்தையும் டெல்லிக்கு தூக்கிட்டு போங்கன்னு யாரும் எடுத்துக்க கூடாது. அமெரிக்காவுல 1970 டிசம்பர் 2-ல ஆரம்பிச்ச இபிஏங்கிற சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்ப எல்லாரும் உதாரணம் காட்டுவாங்க, தனி அமைப்பு, 10 மண்டல ஆபீஸ், சொந்தமா விஞ்ஞானிங்க, அதோட தலைவர செனட் ஒப்புக்கணும். நல்லது தான். ஆனா 2025-ல அங்கயே ஆராய்ச்சி பிரிவ மூடுறோம்னு அறிவிச்சாங்க, அதனால தனி அமைப்புன்னு பேர் வச்சா மட்டும் வேல நடந்துராது. பதவி காலம், பணம், லேப், ஆள் நாலையும் ஆளுங்கட்சி இஷ்டத்துக்கு கை வைக்க முடியாதபடி சட்டத்துலயே எழுதணும். மாவட்டத்துல இருக்கிற பொறியாளருக்கு அதிகாரமும் ஆளும் வரணும், டெல்லியில இன்னொரு பில்டிங் கட்டி எங்களுக்கு ஆகப்போறது ஒண்ணுமில்ல.

நடுவுல 2025 ஆகஸ்ட்ல இன்னொரு விதி வந்துச்சு, பதிவு பண்ண தனியார் ஆடிட்டருங்க சுற்றுச்சூழல் தணிக்கை பண்ணலாம்னு. ஆள் பத்தாததுக்கு இது மருந்தாம். காலி போஸ்ட்ட நிரப்ப சொன்னா வெளியாள கூப்பிடுறாங்க. அதே ஆகஸ்ட்ல நல்லதும் ஒண்ணு நடந்துச்சு, மாசு வாரியங்களே நேரா சேதத்துக்கு இழப்பீடு கேக்கலாம்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு, அதனால இனிமே எங்களுக்கு அதிகாரம் இல்லன்னு சொல்ற சாக்கு செல்லாது.

உங்ககிட்ட கேக்கிறது இது தான். அடுத்த கூட்டத்தொடர்ல கேள்வி போடுங்க, 2011 தீர்ப்பு படி ரெகுலேட்டர் எப்ப வரும், வராதுன்னா ஏன்னு. மத்திய வாரிய தலைவருக்கு அமைச்சகத்துல வேற பதவி இருக்க கூடாதுன்னு சட்டத்துல எழுத என்ன தடைன்னு கேளுங்க. அந்த மூணு சீட்ல விவசாயிக்கும் மீனவருக்கும் தனித்தனியா எடம் கேளுங்க. 25(7)-ல நாலு மாசம் தாண்டினா அனுமதி நிராகரிச்ச மாதிரின்னு மாத்த ஒரு தனிநபர் மசோதா கொண்டு வாங்க, பாஸ் ஆகாதுன்னு எனக்கும் தெரியும், அவை குறிப்புல ஏறும்ல. ராஜ்யசபா பக்கம் இருக்கிறவங்களுக்கு இன்னொரு வழியும் இருக்கு, சுற்றுச்சூழலுக்கான நிலைக்குழு உங்க சபையோடது தான், வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைக்கு ஒரு தடவ அந்த குழுவ கூட்டிட்டு வாங்க. பகல்ல வேணாம், சொல்லாம வாங்க, ராத்திரி ஒரு மணிக்கு.

லோக்சபால கேள்விக்கு 15 நாள் முன்னாடியே நோட்டீஸ் குடுக்கணும், அதனால தேதி அறிவிச்சதும் குடுத்துரணும்னு உங்க பிஏ கிட்ட இப்பவே சொல்லி வச்சிருங்க.

இப்படிக்கு,
பாலாறு பக்கத்து வாக்காளன் ஒருத்தன்