செலினியமும் ஓடிய எலிகளும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

"அறுபதைக் கடந்தவர்களால் புதிதாக எதையும் கற்க முடியாமல் போவதற்குச் செலினியக் குறைபாடே காரணம்" என்று, உடலுக்கு மிகச் சிறிதளவே தேவைப்படும் அந்தத் தாதுச்சத்தைப் பற்றிச் சென்ற இதழின் நலவாழ்வுப் பக்கத்தில் ஒரே வரியில் தீர்ப்பு வழங்கியிருக்கிறார் தங்கள் கட்டுரையாளர். பணி ஓய்வுக்குப் பிறகு ஒரு புதிய மொழியை எழுத்துக்கூட்டத் தொடங்கி, இன்று அதில் நாவல் படிக்கும் நான், மாத்திரை எதையும் விழுங்காமல் இதைச் செய்ததற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருக்கிறது.

அவர் சுட்டும் ஆய்வு, 2022இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட சுண்டெலி ஆய்வு என்பது தாங்கள் அறியாததல்ல. எலிகள் ஓடியபோது இரத்தத்தில் செலினியத்தைச் சுமந்து செல்லும் புரதம் கூடியது. கற்றலுக்கும் நினைவுக்கும் உதவும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியில் புதிய நரம்பணுக்கள் பிறக்க அது துணைநின்றது. உணவில் செலினியம் சேர்த்தபோது முதிய எலிகளின் கற்றல் திறனும் மேம்பட்டது. கட்டுரையாளரோ எலியையும் விட்டுவிட்டார், ஓட்டத்தையும் விட்டுவிட்டார். மாத்திரையை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். 7540 முதிய ஆண்களைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தப்பட்டு, செலினியமோ வைட்டமின் ஈயோ மறதிநோயைத் தடுக்கவில்லை என்று 2017இல் முடிவு வெளியான ஆய்வுக்கு அரை வரி இடம்கூடக் கிடைக்கவில்லை.

இது புதிதும் அன்று. மக்னீசியத்தை நினைவாற்றலின் அமுதமாக்கிய கட்டுரையில், சிறுநீரகம் தளர்ந்தவர்களின் உடலில் அது தேங்கிவிடும் என்ற எச்சரிக்கை இல்லை. துத்தநாகத்தைப் புகழ்ந்தபோது, அது மிகுந்தால் உடல் தாமிரத்தை ஏற்காது, நரம்புகள் பழுதாகும் என்பதும் இல்லை. அப்போது நான் எழுதிய கடிதத்தில் பாராட்டாக அமைந்த முதல் வாக்கியத்தை மட்டும் வெளியிட்ட தங்கள் பெருந்தன்மையை நான் மறக்கவில்லை.

இத்தகைய கட்டுரைகளை நம்பி, பல்சத்து மாத்திரையோடு செலினிய மாத்திரையையும் நெடுநாள் சேர்த்து உண்ட என் தமக்கைக்கு முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது, நகங்கள் பிளந்தன. நினைவாற்றல் கூடியதாகத் தெரியவில்லை. மாத்திரைகளை நிறுத்தச் சொன்ன மருத்துவரின் பெயர் மட்டும் அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது.

எனவே ஒரு சிறு வேண்டுகோள். நாளொன்றுக்குத் தேவையான அளவாகக் கட்டுரையில் 55 மில்லிகிராம் என்று அச்சாகியுள்ளது. அது 55 மைக்ரோகிராம், அதாவது அச்சானதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அமெரிக்காவில் பெரியவர்களுக்கு வகுத்துள்ள உச்சவரம்பே 400 மைக்ரோகிராம்தான். இத்திருத்தத்தை அதே பக்கத்தில், முதியவர்களின் கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் வெளியிட்டு உதவுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி