கல்லோடு சேர்த்தே எடுத்து வைத்திருக்கிறேன்

கண்ணா,

உன் செய்தி வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. "டேங்கை யாருக்காவது குடுத்துடும்மா, எனக்கு இனிமே வேண்டாம்." அவ்வளவுதான். அதற்கு முன்னும் ஒன்றுமில்லை, பின்னும் ஒன்றுமில்லை. மூன்று தடவை போன் செய்து பார்த்தேன். வேலையில் இருந்திருப்பாய். சரி, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி சீக்கிரம் படு. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

உன் கடல்மீன் தொட்டியில் இருந்ததை நீ சொன்னபடி கொடுத்துவிட்டேன், முக்கால்வாசி. எது எங்கே போனது என்று விவரமாக எழுதுகிறேன். ஒரு நத்தை கண்ணாடியில் எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறது என்றுகூடப் போனில் கேட்ட பிள்ளை நீ.

மாமா வந்திருந்தார். அவரைத்தான் உனக்குத் தெரியுமே. "கடல்லேருந்து வந்தது, கடல்லயே கொண்டுபோய் விட்டுடலாம், புண்ணியம்" என்று வாளியைக் கையில் எடுத்துவிட்டார். நான் விடவில்லை. பள்ளியில் படிக்கும்போது தட்டைத் தொடாமல் மணிக்கணக்காக நீ சொன்னாயே, அதையெல்லாம் அவரிடம் ஒப்பித்தேன். லயன்ஃபிஷ் நம் இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் இருக்கிற இனம், 1985-ல் ஃப்ளோரிடா பக்கம் முதலில் கண்ணில் பட்டது, யாரோ தொட்டியில் வளர்த்து விட்டதுதான் காரணம் என்று கருதுகிறார்கள், இப்போது கரீபியன் முழுக்கப் பரவி அங்குள்ள சின்ன மீன்களைத் தின்று தீர்க்கிறது என்றேன். அதற்கும் ஒரு வருஷம் முன்னால், 1984-ல், மொனாக்கோ கரையில் தொட்டிப் பாசி ஒன்று மத்தியதரைக் கடலில் கால் ஊன்றியதையும் சொன்னேன். மாமா வாளியைக் கீழே வைத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. இதெல்லாம் நீ சொல்லித் தெரிந்துகொண்டதுதானே.

கேட்டு வந்தவர்களில் பாதிப் பேரைத் திருப்பி அனுப்பினேன். டேங்க் ஓடத் தொடங்கி எத்தனை மாதம் ஆகிறது, அமோனியா எவ்வளவு காட்டுகிறது, போட்டோ அனுப்புங்கள் என்று துருவித் துருவிக் கேட்டேன். ஒருவர் போன வாரம்தான் தண்ணீர் நிரப்பினாராம். ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

மஞ்சள் டேங் மீனை ஆறடித் தொட்டி வைத்திருக்கிற ஒரு அம்மா வாங்கிப் போனார். நீந்த இடம் வேண்டும், நம்முடைய நாலடியே அதற்குக் குறைவுதான் என்று நீயே சொல்வாய். வலை போடவில்லை. வாலடியில் இருக்கிற கத்தி முள் வலையில் மாட்டிக்கொள்ளும் என்பது நினைவிருந்தது. முதலில் ஒரு மூலையை மட்டும் விட்டு மற்ற கற்களை எடுத்து, தண்ணீரை ஒரு சாண் உயரத்துக்கு இறக்கி, பிளாஸ்டிக் டப்பாவுக்குள் மெதுவாக ஓட்டினேன். முந்தின நாள் தீனி போடவில்லை. ஒவ்வொரு மீனுக்கும் தனிப் பை, மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று, அதன்மேல் இன்னொரு பை, அப்புறம் தெர்மோகோல் பெட்டி. அவருக்கு நெடுந்தூரப் பயணம். பார்க்கிற ஆசையில் வழியில் பையைத் திறந்துவிடாதீர்கள், மூடியிருக்கும்வரை அடங்கிக் கிடக்கிற அமோனியா வெளிக்காற்று பட்டதும் விஷமாகிவிடும் என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினேன். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது. அன்று சாயங்காலமே பாசியைக் கொறித்ததாம்.

கற்களை டேங்க் தண்ணீரிலேயே முக்கி, டிரம்மில் வைத்துக் கொடுத்தேன். காய்ந்தால் உள்ளே இருந்து தண்ணீரைச் சுத்தம் செய்கிற பாக்டீரியா செத்துப்போகும், அப்புறம் அது வெறும் கல்தான். பவளம் ஒட்டியவற்றைக் கையுறை போட்டுத்தான் தொட்டேன், பயப்படாதே. மணலை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. அடியில் கறுத்து அழுகின முட்டை வாடை. ஒன்பது வருஷத்து மணல். அப்பா செய்த ஸ்டாண்டையும் கொடுக்கவில்லை, அதை யாரும் கேட்க வேண்டாம்.

கோபி மீனும் அதோடு ஒரே வளையில் இருக்கிற சொடுக்கு இறாலும் இருந்த மூலையைக் கடைசியில்தான் தொட்டேன். ஒரு பையன் இறால் மட்டும் போதும் என்றான். மாட்டேன் என்றேன். கல்லை எடுப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் முட்டி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். இறால் புல்டோசர் மாதிரி மணலைத் தள்ளிக்கொண்டு வளைக்கு வெளியே வருகிறது. பாவம், அதற்குக் கண் சரியாகத் தெரியாது. ஒரு மீசையை மட்டும் எடுக்காமல் கோபியின் உடம்பிலேயே வைத்திருக்கிறது. என் நிழல் விழுந்ததும் கோபி வாலை லேசாக உதறியது. அவ்வளவுதான், இறால் சரேலென்று உள்ளே போய்விட்டது. இதைப் பிரித்துக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொள்ளச் சம்மதித்த ஒருவருக்குத்தான் கொடுத்தேன்.

இவ்வளவையும் நான் ஒருத்தியாகச் செய்தேன் கண்ணா. 250 லிட்டர் தண்ணீர். நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. குறை சொல்வதற்காக எழுதவில்லை. கேட்பாய் என்று நினைத்தேன், அவ்வளவுதான். சாப்பிடுகிறாய்தானே? தூக்கம் வருகிறதா?

உன் நோட்டை எடுத்துப் படித்தேன். காப்பர் மருந்து எப்போதாவது சின்னத் தொட்டியில் போட்டிருக்கிறாயா என்று தெரிய வேண்டியிருந்தது. போட்டிருந்தால் க்ளவுன் மீன்கள் குடியிருக்கிற கடல் அனிமோனை அதில் விட முடியாதே. நீ போட்டதில்லை. பக்கம் பக்கமாகத் தேதி, உப்பு 1.025, வெப்பம் 26, உன் பொடி எழுத்து. ஒரு நாள்கூட விடவில்லை. இவ்வளவு பொறுமை உள்ள பிள்ளை யாருக்கு வாய்க்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஓரத்தில் எங்கேயாவது உன்னைப் பற்றி ஒரு வரி எழுதியிருப்பாயோ என்றும் தேடினேன். தேடியது தப்புதான்.

போன வருஷம் ஒரு ராத்திரி, மணி பதினொன்றரை இருக்கும், நீ கூப்பிட்டாய். "கொஞ்சம் பேசலாமாம்மா" என்றாய். "எதிலயும் மனசு ஒட்டவே மாட்டேங்குது" என்றாய். எனக்கு நெஞ்சை அடைத்துக்கொண்டது. உடனே என்ன சொன்னேன் தெரியுமா? "கண்ணா, உப்பு 1.030 காட்டுதுடா, என்ன செய்ய?" காட்டியது உண்மைதான். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அங்கேயேதான் இருக்கும் என்று நீ எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய். நான் குறைந்த தண்ணீருக்கு மறுபடி உப்புத் தண்ணீரையே ஊற்றி வந்திருக்கிறேன். ஆனால் அதைச் சாயங்காலமே பார்த்துவிட்டேன். மறுநாள் காலையில் கேட்டிருக்கலாம். நீ அரை மணி நேரம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாய். ஒரே நாளில் இறக்காதே, தினமும் கொஞ்சம் எடுத்துவிட்டு நல்ல தண்ணீர் ஊற்று என்றாய். உன் குரல் தெளிந்த மாதிரி இருந்தது. நானும் அதையே பிடித்துக்கொண்டேன். கடைசியில் "சரிம்மா, வெச்சிடறேன்" என்றாய்.

நீ எதற்குக் கூப்பிட்டாய் என்று அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்கப்புறமும் கேட்கவில்லை. கேட்டால் நீ சொல்லிவிடுவாயோ என்ற பயம். அப்பா அந்தக் கடைசி வருஷம் இருட்டிலேயே உட்கார்ந்திருப்பாரே, அப்போதும் நான் இப்படித்தான் இருந்தேன். "லைட்டைப் போடட்டுமா" என்று மட்டும் கேட்பேன்.

க்ளவுன் மீன் ஜோடியையும் அனிமோனையும் கொடுக்கவில்லை. அனிமோனின் காலைப் பிய்த்தால் பிழைக்காது என்பாயே, அதனால் கல்லோடு சேர்த்தே தூக்கிச் சின்னத் தொட்டியில் வைத்திருக்கிறேன். ஹீட்டர், பம்ப், உன் லைட்டில் ஒன்று, எல்லாம் ஓடுகிறது. முதல் இரண்டு நாள் அது சுருங்கியே கிடந்தது. இன்றைக்கு விரிந்துவிட்டது. பெரியது அதற்குள் முதுகைத் தேய்த்துக்கொண்டு படுத்திருக்கிறது, சின்னது வாசலில் நிற்கிறது. அவற்றுக்கு ஒன்பது வயசுதான் ஆகிறது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் இருபதைத் தாண்டியும் இருக்கும் என்று சொன்னதும் நீதான்.

ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். என் பிள்ளையைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். கொடுக்கலாமா, வேண்டாமா என்று நீயே சொல்லு. செய்தி அனுப்பாதே, வாயால் சொல்லு. உனக்கு லீவு கிடைத்தால் வா, இல்லையென்றால் நான் புறப்பட்டு வருகிறேன், பக்கத்து வீட்டில் தொட்டியைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்கள். அதுவரை எந்த நேரமானாலும் போன் செய். ராத்திரி இரண்டு மணியானாலும் எடுப்பேன். இந்தத் தடவை உப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

அம்மா