கொழும்பின் பயண முகவர்களே, பாலைவனப் பயணத்தை விற்குமுன் எங்கள் உடல்நிலையைக் கேளுங்கள்

கொழும்பில் டுபாய்ச் சுற்றுலா ஒழுங்கு செய்யும் பயண முகவர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

வெள்ளவத்தையில், பம்பலப்பிட்டியில், கொட்டாஞ்சேனையில் என்று தமிழ் ஆட்கள் அதிகம் இருக்கும் இடமெல்லாம் உங்கள் அலுவலகங்கள் இருக்கின்றன. வாசலில் தொங்கும் பதாகையில் ஒரு பக்கம் புர்ஜ் கலீஃபா, மறுபக்கம் அந்தி வெயிலில் ஒட்டகம். நாலைந்து நாள் டுபாய்ப் பயணம் என்றால் அதில் ஒரு பின்னேரம் பாலைவனத்துக்கு என்பது எழுதாத சட்டம் மாதிரி ஆகிவிட்டது. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் காசு அனுப்ப, வயதான தாய் தகப்பன் போகிறார்கள். கைக்குழந்தையோடு இளம் குடும்பங்கள் போகின்றன. உம்றா முடித்துத் திரும்பும் வழியில் டுபாயில் தங்குகிறவர்களும் போகிறார்கள். இத்தனை விதமான ஆட்களுக்கும் நீங்கள் ஒரே பின்னேரத்தை, ஒரே மாதிரி விற்கிறீர்கள். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

போன வருடம் அம்மாவையும் பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவுக்குச் சீனியும் பிரஷரும் இருக்கிறது. பெரியம்மாவுக்கு நீண்டகால நாரி நோ. எங்களுக்குப் பயணம் ஒழுங்கு செய்த முகவரின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை, ஏனென்றால் இது ஒருவருடைய குறை மட்டும் இல்லை என்று பிறகு பலரோடு கதைத்தபோது தெரிந்தது. பதிவு செய்யும்போது கடவுச்சீட்டுப் பிரதி கேட்டார்கள், விசாவுக்குப் படம் கேட்டார்கள், முற்பணம் கேட்டார்கள். இரண்டு பேருடைய வயதும் கடவுச்சீட்டிலேயே இருந்தது. உடம்புக்கு ஏதாவது இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. "அன்ரிமார் சந்தோசமாகப் போய் வரலாம், எல்லாம் வாகனத்தில்தானே" என்றார் அங்கிருந்த தம்பி. அவர் மனதறிந்து பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அந்த வாகனத்தில் அவர் ஒருநாளும் ஏறியிருக்கமாட்டார்.

ஏறாதவர்களுக்காகச் சொல்கிறேன். பின்னேரம் மூன்று மணி அளவில் ஹோட்டல் வாசலுக்கு லாண்ட் குரூசர் வரும். பின்னுக்கு மூன்றாவது வரிசையையும் சேர்த்து ஆறு பேரை ஏற்றுவார்கள். டுபாய் நகரிலிருந்து லஹ்பாப் பக்கம் சிவந்த மணல்மேடுகள் இருக்கும் இடத்துக்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேர ஓட்டம். தார் ரோட்டு முடிகிற இடத்தில் எல்லா வாகனங்களும் நிற்கும். சாரதி இறங்கி நாலு டயரிலும் காற்றை இறக்குவார். வழக்கமாக முப்பதுக்கு மேல் இருக்கும் அழுத்தத்தை ஏறத்தாழப் பதினைந்துக்குக் கொண்டுவருவார்கள். அப்போதுதான் டயர் அகலமாகப் படிந்து மணலில் புதையாமல் ஓடும். பக்கத்துக் கடையில் தலைத்துணி விற்பார்கள், மணலில் ஓட்டும் நாலு சில்லு குவாட் பைக்குக்குக் கூப்பிடுவார்கள். அதுவரை எல்லாம் உல்லாசம்தான்.

அதற்குப் பிறகு வருவதைத்தான் நீங்கள் எங்களுக்குச் சொல்வதில்லை. வாகனம் மணல்மேட்டின் உச்சிக்கு ஏறும்போது முன்கண்ணாடியில் வானம் மட்டும் தெரியும். ஒரு கணம் அப்படியே நிற்கும். பிறகு மூக்குக் குப்புறச் சரிந்து, கண்ணாடி முழுக்க மணலாகிவிடும். அடுத்த மேட்டில் பக்கவாட்டாகச் சரிந்து வழுக்கும். இது அரை மணித்தியாலம் அளவில் நீளும். இளம் ஆட்களுக்கு இது பெரிய சந்தோசம், நானும் ரசித்தேன். பெரியம்மா பின் சில்லுக்கு மேலே மூன்றாவது வரிசையில் இருந்தா. வாகனம் ஒவ்வொருமுறை விழும்போதும் அவவின் உடம்பு சீட்டிலிருந்து எழும்பித் திரும்ப இடித்தது. இரண்டு கையாலும் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு, வாய் திறக்காமல், கண்ணை மூடியிருந்தா. அம்மா சத்தி எடுத்தா. சாரதி பாகிஸ்தான்காரர், தங்கமான மனுசன். கண்ணாடியில் பார்த்தவுடன் நிற்பாட்டினார். ஆனால் இந்த வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டமாகத்தான் போகும், ஒருவர் புதைந்தால் மற்றவர் இழுக்கவேண்டும் என்பதற்காக. எங்களுக்காக முழு வரிசையும் வெயிலில் காத்து நின்றது. கடைசியில் அவர் வேறு பக்கமாகத் திருப்பி, மேடு பள்ளமில்லாத ஒரு தடத்தில் மெதுவாக, இரவுச் சாப்பாடும் நடனமும் நடக்கும் கூடாரத்துக்குக் கொண்டுபோய் விட்டார்.

அப்படி ஒரு வழி இருக்கிறது என்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது! முன்கூட்டிச் சொன்னால் மணல்மேட்டு ஓட்டம் இல்லாமல் நேரே கூடாரத்துக்குக் கூட்டிப்போகும் ஒழுங்கை அங்குள்ள நிறுவனங்கள் பல செய்து தருகின்றன. கர்ப்பிணிகளையும், முதுகு, கழுத்து, இருதய வருத்தம் உள்ளவர்களையும், அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்களையும், சின்னக் குழந்தைகளையும் மணல்மேட்டு ஓட்டத்தில் ஏற்றவேண்டாம் என்று அவர்களே தங்கள் நிபந்தனைகளில் எழுதுகிறார்கள். அந்த நிபந்தனை உங்கள் கைக்கு வருகிறது. எங்களிடம் வரும்போது அது ஆங்கிலத்தில், பொடி எழுத்தில், விமானச் சீட்டோடு சேர்த்துக் குத்திய ஒரு தாளின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. என் பெரியம்மா வாழ்நாள் முழுக்கத் தமிழில் மட்டும் வாசித்தவ.

பதிவு செய்யும்போது இரண்டு கேள்வி கேட்டால் போதும். யாருக்காவது முதுகு, இருதயம், கர்ப்பம், சத்திரசிகிச்சை என்று ஏதும் இருக்கிறதா? இருந்தால், மணல்மேட்டில் ஓடாமல் நேரே கூடாரத்துக்குப் போக விருப்பமா? இதற்கு ஒரு நிமிடம் கூடப் போகாது.

ஒட்டகத்துக்கு வருவோம். விளம்பரப் படத்தைப் பார்த்தால் பாலைவனத்தைக் கடக்கும் பயணம் போல் இருக்கும். உண்மையில் பெரும்பாலான கூடாரங்களில் வாசலுக்கு அருகே ஒரு சின்ன வட்டம், சில நிமிடங்கள், அவ்வளவுதான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, முதலே சொன்னால் சரி. வயதானவர்களுக்கு முக்கியமானது ஏறுவதும் இறங்குவதும். ஒட்டகம் எழும்பும்போது முதலில் பின்கால்களை நிமிர்த்தும். மேலே இருப்பவர் முன்னுக்குச் சரிவார். பிறகு முன்கால்கள் நிமிர, பின்னுக்குச் சாய்வார். பிடியை இறுக்கிப் பிடித்துப் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கவேண்டும் என்று முதலே தெரிந்தவர் விழமாட்டார். இதைச் சொல்லிக்கொடுக்க ஒட்டகக்காரருக்கு நேரமும் இல்லை, எங்கள் மொழியும் தெரியாது.

அடுத்தது, இதைவிடப் பெரிய விசயம். மெர்ஸ் என்ற கொரோனா வைரஸ் 2012 இல் சவூதி அரேபியாவில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது. ஒற்றைத் திமில் ஒட்டகங்களிடமிருந்து அது மனிதருக்குத் தொற்றுகிறது. நீரிழிவு, சிறுநீரகச் செயலிழப்பு, நாள்பட்ட நுரையீரல் வருத்தம், குறைந்த நோயெதிர்ப்புச் சக்தி உள்ளவர்கள் ஒட்டகங்களை நெருங்கவேண்டாம், காய்ச்சாத ஒட்டகப் பால் குடிக்கவேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. மற்றவர்கள் தொடுமுன்னும் தொட்ட பின்னும் கை கழுவவேண்டும். யாரையும் பயமுறுத்த இதை எழுதவில்லை, சுற்றுலாப் பயணிகளுக்கு அது தொற்றுவது அரிது. ஆனால் கொழும்பில் அறுபது தாண்டியவர்கள் இருக்கும் எந்த வீட்டில் சீனி வருத்தம் இல்லை? அவர்களிடம் இதைச் சொல்லவேண்டிய கடமை முதலில் உங்களுக்குத்தான் இருக்கிறது. கேட்டுவிட்டு ஏறுவதும் ஏறாமல் விடுவதும் அவர்கள் விருப்பம்.

ஒட்டகத்தின் பக்கமும் கொஞ்சம் யோசிக்கவேண்டும். வரிசையில் ஆட்கள் நிற்கும்வரை அந்த மிருகம் படுப்பதும் எழும்புவதுமாகவே இருக்கிறது. எங்கள் நாட்டில் 2021 இல் வளர்ப்பு யானைகளுக்கு ஒழுங்குவிதிகள் வந்தன. ஒரே நேரத்தில் நாலு பேருக்கு மேல் யானையில் ஏற்றக்கூடாது, ஒவ்வொரு நாளும் இரண்டரை மணி நேரம் குளிப்பாட்டவேண்டும், குட்டிகளை வேலைக்குப் பயன்படுத்தக்கூடாது, பாகன் வேலை நேரத்தில் குடித்திருக்கக்கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது. இங்கே எங்கள் யானைக்கு வேண்டுமென்று நாங்கள் எழுதிவைத்த இரக்கத்தை அங்கே ஒட்டகத்துக்கும் கேட்கலாம். நிழல் இருக்கிறதா, தண்ணீர் வைக்கிறார்களா, ஒட்டகங்களை மாற்றி மாற்றி விடுகிறார்களா என்று உங்கள் டுபாய்ப் பங்காளியிடம் கேளுங்கள். ஒரு தனி ஆள் கேட்டால் கணக்கெடுக்கமாட்டார்கள். வருடம் முழுக்க ஆட்களை அனுப்பும் நீங்கள் கேட்டால் பதில் வரும்.

இரவுச் சாப்பாடு நல்லது. சுட்ட கோழி, கபாப், சோறு, பருப்பு, ஹம்முஸ், சாலட் என்று பந்தி மாதிரி வைத்திருப்பார்கள். இந்தியப் பயணிகள் அதிகம் வருவதால் சைவமும் பெரும்பாலும் இருக்கும். ஆனால் விரதக்காரருக்கும் மாட்டிறைச்சி தொடாதவர்களுக்கும் எந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்று அந்த நெரிசலில் விசாரிப்பது கஷ்டம். பெயர் கொடுக்கும்போதே சைவம் எத்தனை பேர் என்று அனுப்பிவிடுங்கள். மேடையில் சுழல் நடனம், நெருப்பு வித்தை, பல இடங்களில் இடுப்பு நடனமும் உண்டு. சில குடும்பங்களுக்கு அது சங்கடமாக இருக்கும், முதலே தெரியட்டும். முஸ்லிம் சகோதரர்கள் என்னிடம் சொன்ன இன்னொன்று: சூரியன் மறைவதைப் பார்க்க வாகனத்தை நிறுத்தும் நேரம்தான் மஃரிப் தொழுகை நேரமும். கூடாரத்தில் தொழுகைக்கு இடம் உண்டா, எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்பதை அவர்கள் ஊகித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

எந்த மாதம் போவது என்பதையும் கட்டாயம் சொல்லவேண்டும். எங்கள் பிள்ளைகளின் ஆகஸ்ட் விடுமுறைக்குத்தான் மலிவு விலை விளம்பரங்கள் அதிகம் வருகின்றன. மலிவாக இருப்பதற்குக் காரணம் வெயில். ஆகஸ்டில் டுபாயில் பகல் நாற்பது பாகை செல்சியசைத் தாண்டுவது சாதாரணம், பொழுதுபட்ட பிறகும் கூடாரத்தில் வேர்த்துக் கொட்டும். டிசம்பர், ஜனவரியில் அதே இடத்தில் இரவில் குளிரும், மெல்லிய ஜாக்கெட் ஒன்று வேண்டும். நோன்பு மாதத்தில் போனால் நடனங்கள் பெரும்பாலும் இருக்காது. காசு ஒன்றுதான், கிடைப்பது வேறு.

அப்புறம், 'எல்லாம் உள்ளடக்கம்' என்று எழுதுகிறீர்கள். குவாட் பைக் பெரும்பாலும் உள்ளடக்கம் இல்லை. வல்லூறைக் கையில் வைத்துப் படம் எடுத்தால் அதற்கும் பல இடங்களில் தனிக் காசு. குவாட் பைக்கை விலக்கி வைத்திருக்கும் பயணக் காப்புறுதிகள் பல உண்டு. பிள்ளைகள் அடம்பிடிக்கும் நேரத்தில் மணலில் நின்றுகொண்டு எந்தத் தகப்பன் காப்புறுதித் தாளைத் தேடுவார்?

பாலைவனத்துக்கு யாரும் போகவேண்டாம் என்று நான் சொல்வதாக எடுக்கவேண்டாம். போகவேண்டிய இடம் அது. யாழ்ப்பாணத்து மணற்காட்டு மணல்மேடுகளைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கும் கண்ணெட்டும் தூரம்வரை சிவப்பு மணல் கிடப்பது புதிய காட்சி. இன்னொரு விதமான பயணமும் இருக்கிறது, கொழும்பில் அதை யாரும் எடுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை. டுபாய் பாலைவனப் பாதுகாப்பு ஒதுக்ககம் ஏறத்தாழ 225 சதுர கிலோமீட்டர், டுபாய் நிலப்பரப்பில் சுமார் ஐந்து வீதம். குறிப்பிட்ட சில நிறுவனங்களை மட்டுமே உள்ளே விடுகிறார்கள். அங்கே அரேபிய ஓரிக்ஸ் என்ற நீண்ட கொம்பு வெள்ளை மானைப் பார்க்கலாம். 1972 இல் காட்டில் அது முற்றாக அழிந்துபோனது. காப்பகங்களில் வளர்த்துத் திரும்ப விட்டதில் எண்ணிக்கை கூடி, 2011 இல் இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் அதை 'அருகிவரும்' பட்டியலிலிருந்து ஆபத்து ஒரு படி குறைந்த பட்டியலுக்கு மாற்றியது. விலை கூடத்தான். என்றாலும் நாரி நோவுள்ள ஒரு பெரியம்மாவுக்கு மணல்மேட்டு ஓட்டத்தைவிட இந்த மானைக் காட்டுவது எவ்வளவோ மேல் என்பது என் அபிப்பிராயம். அப்படி ஒன்றும் உண்டு என்று சொன்னால் தெரிவை நாங்கள் செய்துகொள்வோம்.

2003 ஆம் ஆண்டின் நுகர்வோர் விவகார அதிகாரசபைச் சட்டம் பொருள்களுக்கு மட்டுமில்லை, சேவைகளுக்கும் உரியது. அதை எடுத்துக்கொண்டு சண்டைக்கு வர எனக்கு எண்ணமில்லை. நீங்கள் எங்கள் அயலவர்கள், எங்கள் பிள்ளைகளோடு படித்தவர்கள். நான் கேட்பது தமிழில் ஒரே ஒரு பக்கம். மணல்மேட்டு ஓட்டம் எப்படி இருக்கும், யார் ஏறக்கூடாது, நேரே கூடாரத்துக்குப் போகும் வழி உண்டு, ஒட்டகம் பற்றி நீரிழிவு உள்ளவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் என்ன சொல்கிறது, எதற்குத் தனிக் காசு, அந்த மாதத்தில் வெயிலா குளிரா. முற்பணம் வாங்குமுன் அந்தப் பக்கத்தைக் கையில் கொடுங்கள். வாசிக்கக் கஷ்டப்படுகிறவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். வெளிநாட்டிலிருந்து பதிவு செய்யும் பிள்ளைகளுக்கு வட்ஸ்அப்பில் அனுப்புங்கள், இங்கே இருக்கும் வீட்டாரின் வருத்தங்களை உங்களிடம் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான்.

டிசம்பர் விடுமுறைப் பதிவுகள் தொடங்குமுன் இதைச் செய்யலாம். அந்தப் பக்கத்தைத் தமிழில் எழுத ஆள் வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன், காசு வேண்டாம். உங்கள் டுபாய்ப் பங்காளியின் நிபந்தனைத் தாளை மட்டும் தாருங்கள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்