ஆண்டி, பிராஃபி பிழைத்துக்கொண்டார்

அன்புள்ள ஆண்டி மினார்ஸ்கிக்கு,

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போரில் உங்களோடு குண்டுவீச்சு விமானத்தில் பறந்த வால் துப்பாக்கிவீரர் பாட் பிராஃபி உயிர் பிழைத்துவிட்டார். 1944 ஜூன் 13 அன்று, தீக்காயங்களோடு பிரெஞ்சு மண்ணில் விழுந்து கிடந்த உங்களுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. அவரைக் காப்பாற்ற முடியவில்லையே என்ற நினைப்போடுதான் கண்ணை மூடியிருப்பீர்கள். அது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

எங்கள் மொழியில் ஆண்டி என்றால் எல்லாவற்றையும் விட்டவன். கனடாவின் வின்னிபெக் நகரில், போலந்திலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தீர்கள். பதினாறு வயதில் அப்பா போய்விட, வீட்டைத் தாங்கத் தோல் வேலைக்குப் போனீர்கள். அன்று விமானம் ஏறக் காத்திருந்தபோது புல்லில் நாலு இலை க்ளோவர் ஒன்று அகப்பட்டது. அதிர்ஷ்டம் தரும் என்று உங்கள் பக்கத்தில் நம்புகிற செடி. அதையும் பிராஃபியிடம் கொடுத்துவிட்டீர்கள். பெயர்ப் பொருத்தம் என்று சிரிக்கத் தோன்றுகிறது, சிரிப்பு வரவில்லை.

உங்கள் குழுவுக்கு அது 13-ஆவது தாக்குதல். நார்மண்டியில் நேச நாட்டுப் படைகள் இறங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஜெர்மானியர் ரயிலில் ஆளும் ஆயுதமும் அனுப்பாதபடி பிரான்சின் காம்ப்ரே ரயில் முனையத்தைத் தகர்க்க வேண்டும். போகும் வழியிலேயே ஜெர்மானிய இரவுப் போர்விமானம் உங்கள் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தைச் சுட்டது. இடப்பக்க எஞ்சின்கள் இரண்டும் போயின. நீங்கள் இருந்த மேல் துப்பாக்கிக் கூண்டுக்கும் பிராஃபி இருந்த வால் கூண்டுக்கும் நடுவே தீ. குதிக்கச் சொன்னார் விமானி.

கதவு உங்கள் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் நீங்கள் வாலைத் திரும்பிப் பார்த்தீர்கள். ஹைட்ராலிக் அழுத்தம் இல்லாமல் பிராஃபியின் கூண்டு சுழலாமல் சிக்கிக்கொண்டிருந்தது. கையால் சுழற்றும் பிடியும் உடைந்துவிட்டது. தீக்குள் தவழ்ந்து போனீர்கள். கோடரியால் நெம்பினீர்கள், பிறகு வெறுங்கையால் பிடித்து இழுத்தீர்கள். இடுப்புக்குக் கீழே உங்கள் உடையே எரிந்துகொண்டிருந்தது. போய்விடு என்று அவர் கையசைத்த பிறகுதான் நகர்ந்தீர்கள், அதுவும் அவரைப் பார்த்தபடி பின்னோக்கித் தவழ்ந்து. கதவருகே எழுந்து நின்று சல்யூட் அடித்தீர்கள். உதடு அசைந்தது. இரைச்சலில் எதுவும் காதில் விழவில்லை, ஆனால் தனக்குத் தெரியும் என்றார் பிராஃபி. அவர் பதவியில் உயர்ந்துவிட்டதைக் கிண்டல் செய்ய தினமும் இரவில் பிரியும்போது சொல்வீர்களே, அந்த "குட் நைட், சார்".

நீங்கள் குதித்த பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. விமானம் தரையைத் தொடும் வேளையில் இறக்கை ஒரு மரத்தில் மோதியது. அந்த வேகத்தில் வால் பகுதி பிய்ந்து பிராஃபி வெளியே வீசப்பட்டார். ஹெல்மெட்டைக் கழற்றினால் தலைமுடியும் சேர்ந்து வந்தது. பெரிய காயம் எதுவும் இல்லை. மற்ற ஐவரும் பிழைத்தார்கள். ஏழு பேரில் நீங்கள் ஒருவர்தான் இல்லை. வயது 27.

1946 அக்டோபரில் உங்களுக்கு, பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் கிடைத்தது. பிராஃபி உயிரோடு வந்து சொன்னதால்தான் கிடைத்தது. பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் பறந்து இறந்தவர்கள் 55,573 பேர். எரியும் எத்தனை விமானங்களுக்குள் இப்படி யார் யாருக்காகத் திரும்பிப் போனார்களோ! சொல்ல ஆள் மிஞ்சினால்தானே பதக்கம்.

இன்னொரு செய்தி. உலகில் பறக்கும் நிலையில் இன்று இரண்டே லங்காஸ்டர்கள்தான் இருக்கின்றன. ஒன்று கனடாவின் ஹாமில்டனில் இருக்கிறது. உங்கள் விமானத்தின் எழுத்துகளான வி.ஆர். - ஏ என்பதைத்தான் அதன் உடம்பில் தீட்டியிருக்கிறார்கள். வால் கூண்டும் உண்டு. எஞ்சின் ஓடாதபோது அதைக் கையால் சுழற்றினால் சுழல்கிறதா என்று, நேரில் போனால் முதலில் அதைத்தான் கேட்பேன்.